ஏழாம் நம்பர் என்ன செய்கிறார்? ரக்பி லீக் பிளேமேக்கரின் வேலையும் வாழ்க்கையும்

ரக்பி லீக் பற்றிப் பேச்சு எடுத்தால் 'பிளேமேக்கர்' என்ற சொல் சீக்கிரமே வந்து விழும். ஆளுக்கொரு அர்த்தத்தில் சொல்வார்கள். அழகாக ஒரு பாஸ் கொடுத்தவர் என்பார் ஒருவர். கடைசி நிமிடத்தில் உதைத்து ஜெயிக்க வைத்தவர் என்பார் இன்னொருவர். அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்குகிறவர் என்பவர்களும் உண்டு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் அந்த வேலை என்னவென்று பிடிபடாது.

சிட்னியின் மேற்குப் பகுதியில் வென்ட்வொர்த்வில், டூன்காபி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடும். பெற்றோர்கள் டிவியில் பார்த்துவிட்டு, "பெரிய பெரிய ஆட்கள் முட்டிக்கொண்டு விழுகிறார்கள், இதில் என்ன யோசனை இருக்கிறது?" என்று கேட்பார்கள். நிறையவே இருக்கிறது. அதில் பெரும்பங்கு 7 என்று எழுதிய சட்டை போட்ட ஒருவரின் தலையில் ஓடுகிறது. அந்த வேலை புரிந்தால்தான் அவருடைய தொழில் வாழ்க்கை ஏன் மற்ற ஆட்டக்காரர்களுடையதைப் போல இல்லை என்பதும் புரியும். ஒன்றிரண்டு கலைச்சொற்களைத் தவிர்க்க முடியாது. வரும் இடத்திலேயே விளக்கிவிடுகிறேன்.

முதலில், எந்த ரக்பி?

ரக்பி என்ற பெயரில் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. கொழும்பிலும் கண்டியிலும் பள்ளிக்கூட ரக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தது ரக்பி யூனியன். அதில் அணிக்கு 15 பேர். ரக்பி லீக்கில் 13 பேர். விதிகளும் வேறு, வரலாறும் வேறு.

பிரிவு நடந்தது 1895-ல், வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தில். சுரங்கத்திலும் மில்லிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியையாவது ஈடுகட்டச் சொல்லிக் கேட்டார்கள். ஆட்டத்தை நிர்வகித்தவர்கள் மறுத்தார்கள். வடக்கத்திய கிளப்புகள் தனியாகப் போய்விட்டன. ஆக, ஆடுவதற்குப் பணம் வாங்குவது இந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே நியாயமான விஷயம். 1908-ல் சிட்னியில் லீக் போட்டிகள் தொடங்கின. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களிலும் வட இங்கிலாந்திலும் பப்புவா நியூ கினியிலும் இதுதான் மக்களின் ரக்பி. இன்று உலகத்தின் பெரிய போட்டி ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல்.; நியூசிலாந்து கிளப் ஒன்றும் அதில் ஆடுகிறது.

ஆறு டேக்கிள்: எல்லாமே இந்தக் கணக்கில்தான்

பந்தைக் கையில் வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது அல்லது கீழே சாய்ப்பதுதான் டேக்கிள். பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்குத் தள்ளுவார்; பின்னால் நிற்கும் தோழர் எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி வரிசை கட்ட வேண்டும். கையால் பந்தை முன்னோக்கிக் கொடுக்கக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது டிரை, 4 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் அது கன்வர்ஷன், இன்னும் 2 புள்ளி.

இவ்வளவும் செய்ய ஓர் அணிக்குக் கிடைப்பது 6 டேக்கிள். ஆறாவது டேக்கிளில் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்த ஆறு டேக்கிள் சுற்றுக்கு 'செட்' என்று பெயர்.

சடுகுடு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டு முறை புள்ளி இல்லாமல் திரும்பிய அணிக்கு மூன்றாவது ரெய்டு வாழ்வா சாவா ரெய்டு. அந்த மூன்றாவது ரெய்டில் யார் போவது, எந்தப் பக்கம் போவது என்ற யோசனை முதல் ரெய்டிலேயே தொடங்கிவிடும். ரக்பி லீக்கில் ஒவ்வொரு செட்டும் அப்படித்தான் ஒரு கெடுவை நோக்கிப் போகிறது. முதல் நான்கு டேக்கிளில் பெரிய உருவக்காரர்கள் மோதி மோதி மீட்டர் சேர்ப்பார்கள். ஐந்தாவது முடிந்ததும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: உதைப்பதா, ஓடுவதா, எந்தப் பக்கம்?

இந்தக் கெடு எப்போதும் இருந்ததில்லை. முன்பெல்லாம் பந்தை விடாத வரைக்கும் எத்தனை டேக்கிள் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு ஓர் அணியே பந்தை வைத்திருக்கலாம். சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் கிளப் 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 கோப்பை வென்றது அந்த விதி இருந்த காலத்தில்தான். 1967-ல் ஆஸ்திரேலியாவில் 4 டேக்கிள் வரம்பு வந்தது, 1971-ல் அது 6 ஆனது. கெடு வந்த பிறகுதான் 'அடுத்து என்ன' என்று முன்கூட்டியே கணக்குப் போடும் ஆளுக்கு இவ்வளவு மதிப்பு வந்தது. இன்று நாம் பிளேமேக்கர் என்று சொல்லும் ஆளை உருவாக்கியது அந்த விதிதான் என்பது என் எண்ணம்.

6, 7, 9, 1

லீக்கில் சட்டை எண்ணே பெரும்பாலும் வேலையைச் சொல்லிவிடும். 7 ஹாஃப்பேக். 6 ஃபைவ்-எய்த். இவர்கள் இருவரையும் சேர்த்து 'ஹாவ்ஸ்' என்பார்கள். 9 ஹூக்கர், ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தரையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர். 1 ஃபுல்பேக், கடைசிக் காவலர். தாக்குதலில் பின்னாலிருந்து ஓடிவந்து கூடுதல் ஆளாகச் சேர்ந்துகொள்வார். இந்த நால்வரையும் அணியின் முதுகெலும்பு என்கிறார்கள். பிளேமேக்கர் என்றால் பொதுவாக 6 அல்லது 7, பெரும்பாலும் 7. செட் எந்தப் பக்கம் போக வேண்டும், யார் எந்த டேக்கிளை எடுக்க வேண்டும், கடைசியில் என்ன உதை என்பதை அவர் சத்தம் போட்டும் கையைக் காட்டியும் சொல்லிக்கொண்டே இருப்பார். டிவியில் பார்ப்பவர்களுக்கு அது கேட்பதில்லை. மைதானத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால், அவர் வாய் மூடுவதே இல்லை என்பது தெரியும்.

தடுப்பவரை நகர்த்துவது எப்படி

இதுதான் வேலையின் நடுப்புள்ளி. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சடுகுடுவில் நல்ல ரெய்டர் நேராகப் போய்த் தொடுவதில்லை. வலது மூலையைக் குறிவைப்பது போல ஓர் அடி எடுத்து வைப்பார். சங்கிலி பிடித்து நிற்பவர்களில் ஒருவர் ஆசைப்பட்டு அரை அடி முன்னே வருவார். அந்த அரை அடியில்தான் புள்ளி. பிளேமேக்கர் செய்வதும் இதுதான். வித்தியாசம், தொடப்போவது அவர் இல்லை; பக்கத்தில் ஓடிவரும் இன்னொருவர்.

எதிரணிக் கோட்டுக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு காட்சி. ஹாஃப்பேக் பந்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். ஒரு கையில் இடுக்கிக்கொண்டால் பாஸ் வராது என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். இரண்டு கையில் இருந்தால் எதுவும் நடக்கலாம். அவருக்கு அடுத்து ஒரு ஃபார்வர்டு, அதாவது மோதி மீட்டர் சேர்க்கும் பெரிய உருவக்காரர்களில் ஒருவர், தடுப்பு வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே உள்ள இடைவெளியை நோக்கி நேராக ஓடுகிறார். அந்த ஃபார்வர்டின் முதுகுக்குப் பின்னால் ஃபுல்பேக் வளைந்து ஓடிவருகிறார். அவருக்கும் அப்பால் ஓரத்தில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

இப்போது எதிரே நிற்கும் தடுப்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஃபார்வர்டு பக்கம் திரும்பினால், பந்து ஃபார்வர்டின் முதுகுக்குப் பின்னால் ஃபுல்பேக்கிடம் போகும். ஓரத்தில் தாக்குபவர்கள் ஓர் ஆள் அதிகமாகிவிடுவார்கள். ஃபுல்பேக்கை நம்பி வெளிப்பக்கம் நகர்ந்தால், ஃபார்வர்டுக்குச் சின்ன பாஸ் கிடைக்கும், இடைவெளியில் புகுந்துவிடுவார். இருவரையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றால் ஹாஃப்பேக்கே பந்தோடு ஓடிவிடுவார். எந்தப் பதிலும் தப்பாக முடிய வேண்டும், அதுதான் திட்டம். இந்த அமைப்புக்குப் 'பிளாக் பிளே' என்று பெயர். இன்று என்.ஆர்.எல்.லில் எல்லா அணியும் இதன் ஏதோ ஒரு வடிவத்தை ஆடுகிறது.

எல்லாரும் ஆடுகிறார்கள் என்றால் அப்புறம் ஒரு பிளேமேக்கர் இன்னொருவரைவிட எதில் உசத்தி? பாஸைத் தாமதிப்பதில். எதிரே இருப்பவரின் இடுப்பு ஒரு பக்கம் திரும்பும் வரை பந்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். தலையும் தோளும் ஏமாற்றும். இடுப்பு திரும்பிவிட்டால் அந்த ஆள் சட்டென்று மறுபக்கம் வர முடியாது. ஆனால் அதுவரை காத்திருந்தால் நூறு கிலோ எடையுள்ள ஒருவர் வேகமாக வந்து மோதும் தூரத்துக்குள் போய்விடுகிறோம். பந்து கையை விட்ட மறுகணம் அடி விழும். அந்த அடி விழும் என்று தெரிந்தே பாஸைத் தள்ளிப்போடுகிறவர்தான் நல்ல பிளேமேக்கர். அழகான பாஸ் என்று நாம் கைதட்டுவது அந்தக் காத்திருப்பின் பலனுக்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த இடைவெளி தானாக வந்ததில்லை. இரண்டு டேக்கிளுக்கு முன்னால் மைதானத்தின் மறுபக்கத்துக்கு ஒரு ஃபார்வர்டை அனுப்பி மோதவிட்டிருப்பார். அங்கே மூன்று பேர் சேர்ந்து டேக்கிள் செய்து, எழுந்து, பின்வாங்குவதற்குள் இந்தப் பக்கம் ஆள் குறைந்திருக்கும். ஹைலைட்ஸ் வீடியோவில் அந்த முதல் மோதலை வெட்டிவிடுகிறார்கள். பிளேமேக்கர் பற்றி இத்தனை தப்பான எண்ணங்கள் பரவியிருப்பதற்கு ஹைலைட்ஸ் வீடியோக்களே பாதிக் காரணம்.

இதுவரை சொன்னதன் சாரம்: அணிக்கு ஆறு டேக்கிள் என்ற கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் எதிரணித் தடுப்பவரைத் தப்பான முடிவு எடுக்க வைக்கும் வேலை 6, 7 சட்டைக்காரர்களுடையது. அதற்கான விலையை அவர்கள் உடம்பு கொடுக்கிறது.

உதை: பாதி வேலை காலில்

இடைவெளி கிடைக்காத செட்டுகள்தான் அதிகம். அப்போது கடைசி டேக்கிளுக்கு முன் உதைக்க வேண்டும். வானத்தை நோக்கி உயரமாக உதைத்து, பந்து இறங்குவதற்குள் ஆட்கள் ஓடிப்போய்ப் போட்டியிடுவது 'பாம்'. தரையோடு உருட்டி விடுவது 'கிரப்பர்'. உருட்டிய பந்தை எதிரணி தன் கோட்டுக்குப் பின்னால் எடுத்து வெளியே கொண்டுவர முடியாமல் மாட்டிக்கொண்டால், அவர்கள் கோட்டிலிருந்து உதைத்துப் பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாக்கும் அணிக்கு இன்னொரு 6 டேக்கிள். ஸ்கோர் போர்டில் எதுவும் ஏறியிருக்காது, ஆனால் தடுப்பவர்களின் மூச்சு வாங்கிவிடும். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் கடைசிக் கால் மணி நேரத்தில் பலன் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த உதையைத்தான்.

'40/20' என்று ஓர் உதை உண்டு. சொந்தப் பக்கத்து 40 மீட்டர் கோட்டுக்குள் நின்று உதைத்து, பந்து மைதானத்துக்குள் ஒரு முறையாவது குத்தி, எதிரணியின் 20 மீட்டர் கோட்டுக்குள் பக்கவாட்டில் வெளியே போக வேண்டும். போனால் உதைத்த அணிக்கே பந்து. ஒரே உதையில் 40 மீட்டருக்கு மேல் முன்னேற்றம், கூடவே புது செட். கொஞ்சம் பிசகினால் எதிரணிக்கு நல்ல இடத்தில் பந்து கிடைத்துவிடும்.

2023 என்.ஆர்.எல். இறுதியாட்டத்தில் பென்ரித் பேந்தர்ஸ் 8-24 என்று பின்தங்கியிருந்தது. எதிரே பிரிஸ்பேன் பிராங்கோஸ். பென்ரித்தின் ஹாஃப்பேக் நேதன் கிளியரி அங்கிருந்து மீண்டு வரும் வழியில் ஒரு 40/20 உதைத்தார்; அந்த இடத்திலிருந்தே ஒரு டிரை வந்தது. கடைசியில் அவரே ஓடி டிரை போட்டு 26-24 என்று ஜெயித்தார்கள். அந்த ஓட்டத்தைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த 40/20தான் பெரிது. பின்தங்கியிருந்தபோது பதறாமல், இடத்தைப் பிடித்தால் புள்ளி வரும் என்று நம்பிய ஒருவரின் உதை அது.

காத்திருக்கும் வருடங்கள்

சரி, இப்படி ஓர் ஆள் எப்படி உருவாகிறார்? ஜானதன் தர்ஸ்டனின் கதையைப் பார்க்கலாம். 1983-ல் பிரிஸ்பேனில் பிறந்தவர், ஆஸ்திரேலியப் பூர்வகுடி வம்சத்தவர். இளம் வயதில், உருவம் சின்னது என்று பல கிளப்புகள் அவரை வேண்டாம் என்றன. பிளேமேக்கர்கள் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. பதினாறு, பதினேழு வயதுப் போட்டிகளில் உடம்பு பெரியவர்கள்தான் கண்ணில் படுவார்கள். தடுப்பவரின் இடுப்பைப் படிக்கும் புத்தியை அளக்க ஒரு கருவியும் இல்லை.

2002-ல் சிட்னியின் கேன்டர்பரி புல்டாக்ஸ் அணிக்காக என்.ஆர்.எல்.லில் கால்வைத்தார். அந்த வருடம் அந்தக் கிளப்பில் ஒரு புயல் அடித்தது. என்.ஆர்.எல்.லில் ஒவ்வொரு கிளப்பும் மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அதை மீறியதற்காக புல்டாக்ஸின் 37 புள்ளிகள் பறிக்கப்பட்டன. அணி பட்டியலின் அடிக்குப் போனது.

இந்த உச்சவரம்பு பிளேமேக்கரின் வாழ்க்கையையே வளைக்கும் விஷயம். ஓர் அணிக்கு நல்ல ஹாஃப்பேக் ஒருவர் வேண்டும், அவருக்குப் பெரிய தொகை போகும். இரண்டாவது நல்லவரை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது. ஃபார்வர்டு என்றால் ஒரே ஆட்டத்தில் மாற்றி மாற்றி நாலைந்து பேருக்கு வேலை கிடைக்கும். 7-ஆம் நம்பர் சட்டை ஒன்றுதான். புல்டாக்ஸில் அப்போது 7 பிரென்ட் ஷெர்வின், 6 பிரெய்த் அனாஸ்டா. தர்ஸ்டனுக்கு இடம் இல்லை.

2004 இறுதியாட்டத்தில் அணித்தலைவர் ஸ்டீவ் பிரைஸ் காயத்தால் ஆட முடியாமல் போனதால் தர்ஸ்டனுக்கு மாற்று ஆட்டக்காரராக இடம் கிடைத்தது. புல்டாக்ஸ் 16-13 என்று சிட்னி ரூஸ்டர்ஸை வென்றது. தனக்குக் கிடைத்த வெற்றி மோதிரத்தை தர்ஸ்டன் ஸ்டீவ் பிரைஸுக்கே கொடுத்துவிட்டார். 21 வயதுப் பையன். இந்த ஆட்டத்தில் நான் மதிக்கும் செயல்களில் இது முதல் வரிசையில் இருக்கிறது.

அடுத்த வருடமே வடக்கே போனார். பிரிஸ்பேனிலிருந்து 1,300 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும் டவுன்ஸ்வில் நகரத்தின் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணி. 1995-ல் தொடங்கிய கிளப், கோப்பையே கண்டதில்லை. அங்கே 7 அவருடையது. முதல் வருடத்திலேயே, 2005-ல், லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கம் வாங்கினார். 2007, 2014, 2015 என்று பின்னால் இன்னும் மூன்று முறை. 2005 இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டுபோனார்; வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 16-30 என்று தோற்றார்கள்.

பத்து வருட நடுப்பகுதி

அந்த முதல் பதக்கத்துக்கும் கவ்பாய்ஸின் முதல் கோப்பைக்கும் நடுவே பத்து வருடம். இந்த இடைவெளி இந்த வேலையில் சகஜம். வேகத்தை நம்பி ஆடுபவர்கள் பலர் இளம் வயதிலேயே உச்சத்துக்கு வந்துவிடுவார்கள். பிளேமேக்கர்கள் பலர் முப்பதை ஒட்டித்தான் கனிகிறார்கள். காலின் வேகம் குறையும்போது, எதிரணி என்ன செய்யும் என்ற நினைவுக் கிடங்கு நிறைந்துகொண்டே போகிறது.

இந்த வருடங்களில் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரும் சேர்ந்துகொள்ளும். குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் வருடம் மூன்று முறை மோதும் தொடர் அது, 1980-ல் தொடங்கியது. கிளப் எதுவானாலும், பிறந்து வளர்ந்து ஆடிய மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். தர்ஸ்டன் 2005 முதல் 2016 வரை ஓர் ஆட்டம் விடாமல் 36 ஆரிஜின் ஆட்டங்கள் ஆடினார். குயின்ஸ்லாந்து 2006 முதல் 2013 வரை தொடர்ந்து 8 தொடர்களை வென்றது.

2015 அக்டோபர் 4. கவ்பாய்ஸும் பிராங்கோஸும் இறுதியாட்டத்தில். நேரம் முடியும்போது பிராங்கோஸ் 16-12 முன்னிலை. கடைசி மூச்சில் மைக்கேல் மார்கன் தட்டிவிட்ட பந்தை கைல் ஃபெல்ட் வலது மூலையில் பதித்தார், 16-16. பக்கக் கோட்டை ஒட்டி நின்று கன்வர்ஷன் உதைக்க வேண்டியவர் தர்ஸ்டன். போனால் கோப்பை. பந்து வளைந்து போய்க் கம்பத்தில் அடித்துத் திரும்பியது.

ஆட்டம் 'கோல்டன் பாயிண்ட்' கட்டத்துக்குப் போனது. யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. தொடக்க உதையைப் பிடிக்க நின்றவர் பிராங்கோஸின் ஹாஃப்பேக் பென் ஹன்ட். பந்து கையிலிருந்து நழுவியது. கவ்பாய்ஸுக்குப் பந்து. இந்த இடத்தில் தர்ஸ்டன் செய்தது மிகச் சாதாரணமாகத் தெரியும். டிரை போடப் பார்க்கவில்லை. ஃபார்வர்டுகளைக் கம்பங்களுக்கு நேர் எதிரே நடுவில் மோதவிட்டு, பின்னால் நின்று பந்தை வாங்கி, ஃபீல்டு கோல் உதைத்தார். பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பதுதான் ஃபீல்டு கோல், 1 புள்ளி. 17-16. சற்றுமுன் கம்பத்தில் அடித்த அதே கால். ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே.

சுருக்கமாக இந்தப் பகுதி: பிளேமேக்கருக்கு இடம் கிடைப்பதே தாமதம், காரணம் சட்டை ஒன்று, பணத்துக்கும் வரம்பு. இடம் கிடைத்த பிறகும் கனிய வருடங்கள் ஆகும்.

உடம்பு கொடுக்கும் கணக்கு

பாஸ் கொடுத்தபின் விழும் அடியைச் சொன்னேன். தடுக்கும்போதும் நிம்மதி இல்லை. எதிரணி வேண்டுமென்றே தன் பெரிய ஆட்களை ஹாஃப்பேக் நிற்கும் இடத்தை நோக்கி ஓடவிடும். டேக்கிள் செய்து செய்து களைத்துப் போனால் தாக்கும்போது அவர் மூளை மந்தமாகும் என்ற கணக்கு. இது விதிக்கு உட்பட்டதுதான், எல்லாரும் செய்வதுதான்.

நியூகாசில் நைட்ஸின் ஆண்ட்ரூ ஜான்ஸ், என் கணக்கில் இந்த இடத்தில் ஆடியவர்களில் முதலாமவர். 1997-லும் 2001-லும் கோப்பை வென்றவர். 2007-ல் கழுத்துத் தட்டுக் காயத்தால் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. தர்ஸ்டனுக்குத் தோள். 2017 ஆரிஜின் இரண்டாவது ஆட்டத்தின் முதல் பாதியிலேயே தோளில் அடிபட்டது. வெளியே போகாமல் ஆடி, கடைசியில் 18-16 என்று ஜெயிக்க வைத்த கன்வர்ஷனையும் உதைத்தார். அதுவே அவருடைய கடைசி ஆரிஜின் ஆட்டம். அந்த வருடம் அவர் இல்லாமலேயே கவ்பாய்ஸ் இறுதியாட்டம் வரை போனது. பக்கத்திலேயே ஆடிப் பழகிய மைக்கேல் மார்கன் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 2018 முடிவில் தர்ஸ்டன் ஓய்வு பெற்றார், 323 என்.ஆர்.எல். ஆட்டங்களுக்குப் பிறகு.

தலையில் அடிபடுவதை முன்பு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் 11 நாள் கட்டாய ஓய்வு என்ற விதி 2023-ல் வந்திருக்கிறது. வந்தது நல்லது. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

இந்த வேலையில் உடம்பு எவ்வளவு, மூளை எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு 2018 இறுதியாட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். கூப்பர் கிராங்க், வருடக்கணக்கில் மெல்போர்ன் ஸ்டார்மின் ஹாஃப்பேக்காக இருந்துவிட்டு சிட்னி ரூஸ்டர்ஸுக்கு வந்தவர். இறுதியாட்டத்துக்கு முந்தைய வாரம் தோள்பட்டை எலும்பு உடைந்தது. உடைந்த எலும்போடு தன் பழைய அணிக்கு எதிராகவே ஆடினார். பந்தை மிகக் குறைவாகவே தொட்டார். நின்ற இடத்திலிருந்து கை காட்டினார், கத்தினார், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஃபைவ்-எய்த் லூக் கீரி ஓட்டத்தையும் உதையையும் பார்த்துக்கொண்டார், சிறந்த வீரர் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. ரூஸ்டர்ஸ் 21-6. உடைந்த எலும்போடு ஒருவர் ஆடியது சரியா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் பிளேமேக்கரின் வேலையிலிருந்து ஓட்டம், பாஸ், உதை எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்க்க முடிந்தது.

சட்டை மாறும் காலம்

முப்பது தாண்டிய பிளேமேக்கர்கள் போகும் வழிகள் பல. சிலர் இங்கிலாந்தின் சூப்பர் லீக்குக்குப் போவார்கள். லூக் கீரி அப்படித்தான் அதில் ஆடும் பிரெஞ்சு கிளப்பான கேட்டலன்ஸ் டிராகன்ஸுக்குப் போனார். சிலர் பயிற்சிப் பக்கம் திரும்புவார்கள். தர்ஸ்டன் குயின்ஸ்லாந்தின் ஆரிஜின் அணிக்கு உதவிப் பயிற்சியாளர் ஆனார். சிலர் சட்டை எண்ணை மாற்றிக்கொண்டு தொடர்வார்கள்.

2015-ல் பந்தை நழுவவிட்ட பென் ஹன்ட் இந்த மூன்றாவது வழியில் போனவர். அந்த நழுவல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 80 நிமிடம் ஆடியதை விட்டுவிட்டு ஒரு நொடியை மட்டும் வருடக்கணக்கில் போட்டுக் காட்டினார்கள். பிளேமேக்கரின் வெற்றி எத்தனை பெரிதாகப் பேசப்படுமோ, அவர் தவறும் அத்தனை பெரிதாகப் பேசப்படும். சம்பளத்தில் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2018-ல் ஹன்ட் செயின்ட் ஜார்ஜ் இல்லவாராவுக்கு மாறினார். கிளப்பில் 7. குயின்ஸ்லாந்துக்கு ஆடும்போது பல முறை 9, ஹூக்கர். தரையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் இடம் அது. செட்டை மறுமுனையிலிருந்து பார்க்கும் வேலை. ஹாஃப்பேக்கின் மனசு எப்படி ஓடும் என்று தெரிந்த ஹூக்கர் கிடைப்பது ஓர் அணிக்கு வரம். 2022 ஆரிஜின் தொடரின் முடிவு ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில், நேதன் கிளியரி தட்டி உதைத்த பந்தை ஹன்ட் மடக்கிப் பிடித்து மறுமுனை வரை தனியாக ஓடி டிரை போட்டார். தொடர் குயின்ஸ்லாந்துக்கு. ஒரு ஹாஃப்பேக் எப்போது, எந்த உயரத்தில் உதைப்பார் என்று இன்னொரு ஹாஃப்பேக்குக்குத் தெரியாதா என்ன?

2025-ல் பழைய கிளப்பான பிராங்கோஸுக்கே திரும்பினார். இந்த முறை அணியில் 7 வேறொருவர், ஆடம் ரெனால்ட்ஸ். ஹன்ட் தேவைப்பட்ட இடத்தில் ஆடினார். அந்த வருட இறுதியாட்டத்தில் பிராங்கோஸ் 26-22 என்று மெல்போர்ன் ஸ்டார்மை வென்றது. ஹன்ட்டின் முதல் என்.ஆர்.எல். கோப்பை அது. அப்போது அவருக்கு வயது 35.